அத்தியாயம் 6: கல்லூரி மாறும்போது மாநில உதவித்தொகையைத் தவறவிடாமல் இருக்க

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கும் மாணவர், காலண்டரில் முதலில் வட்டமிட வேண்டிய தேதி மார்ச் 2. மாநில உதவித்தொகைக்கு அதுதான் கெடு. யூசி என்று எல்லோரும் சொல்லும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் மாற்றுச் சேர்க்கை முடிவுகளைச் சொல்லி முடிப்பது ஏப்ரல் மாதக் கடைசியில். அதாவது, இடம் கிடைத்ததா இல்லையா என்று தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே பணத்துக்கான கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. "முதல்ல அட்மிஷன் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சும்மா இருந்த குடும்பங்கள் மே மாதத்தில் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. உதவித்தொகை மாணவரைத் தேடித் தானாக வராது. கலிஃபோர்னியா மாணவர் உதவி ஆணையத்தின் பதிவில் மாணவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் பெயர் இருக்கும். அங்கே பழைய கல்லூரியே இருக்கும்வரை புதிய கல்லூரிக்குப் பணம் போகாது. மாற்றிச் சொல்ல வேண்டியவர் மாணவர்தான்.

எது கூட வரும், எது வராது

கம்யூனிட்டி கல்லூரியில் யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் காலேஜ் பிராமிஸ் கிராண்ட், அந்தக் கல்லூரிகளுக்கு மட்டுமே உரியது, மாறியவுடன் நின்றுவிடும். முழுநேரம் படிக்கும் கேல் கிராண்ட் மாணவர்களுக்குக் கம்யூனிட்டி கல்லூரி தரும் ஸ்டூடண்ட் சக்சஸ் கம்ப்ளீஷன் கிராண்டும் அப்படியே. 15 யூனிட் எடுப்பவருக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 டாலர் வரை தந்த தொகை அது. அதை நம்பி வாடகை கட்டிவந்தவர் மாறும் ஆண்டுக்குப் புதிதாகக் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

கூட வருவது மாநில உதவித்தொகையான கேல் கிராண்ட். இதில் ஏ, பி என்ற இரண்டு வகைதான் இங்கே முக்கியம்.

ஏ வகை கட்டணத்துக்கு மட்டுமானது. கட்டணம் ஏற்கெனவே சொற்பமாக இருக்கும் கம்யூனிட்டி கல்லூரியில் அது செலவாகாது. அதனால் பள்ளி முடிக்கும்போது ஏ வகை பெற்ற மாணவர் கம்யூனிட்டி கல்லூரிக்குப் போனால், ஆணையம் அதை இரண்டு ஆண்டு இருப்பில் வைக்கும். கேட்டால் மூன்றாம் ஆண்டும் நீட்டிக்க வழியுண்டு. பள்ளி நாட்களில் வந்த அந்தக் கடிதத்தை மறந்துவிட்டு, தனக்கு உதவித்தொகையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். மாறுவதற்கு முன்னால் ஆணையத்தின் கணக்கைத் திறந்து, இருப்பில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பி வகை குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. புத்தகம், சாப்பாடு, பஸ் செலவுக்கென்று ஆண்டுக்கு 1,648 டாலர் வரை மாணவர் கைக்கே வரும். பெரும்பாலோருக்கு முதலாண்டில் அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டணமும் சேரும். கம்யூனிட்டி கல்லூரியில் இருக்கும்வரை அந்தக் கட்டணப் பகுதியின் அருமை தெரியாது. கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2025-26 கல்விக் கட்டணம் 6,450 டாலர். மாறிய பிறகு அதைக் கட்டப்போவது இந்த பி வகைதான்.

மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப் என்ற மாநிலத் திட்டம் யூசி, கால் ஸ்டேட் மாணவர்களுக்கு உண்டு. 2022-23இல் அது புதிய வடிவம் பெற்றது. 2023-24இல் குடும்ப வருமான வரம்பு 217,000 டாலர். கேல் கிராண்டுக்கு வருமானம் கூடிப்போன ஐடி குடும்பங்கள்கூட இதற்குள் அடங்கலாம். தனி விண்ணப்பம் கிடையாது; ஜிபிஏ சான்றும் அனுப்ப வேண்டியதில்லை. தொகை மட்டும் மாநில பட்ஜெட்டைப் பொறுத்து ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும்.

மாநில எல்லையைத் தாண்டினால் இவை எதுவும் வராது. அரிசோனாவிலோ நெவாடாவிலோ உள்ள பல்கலைக்கழகம் எவ்வளவு நல்ல இடம் தந்தாலும் கேல் கிராண்டை அங்கே எடுத்துப்போக முடியாது. அங்கேயும் கூட வருவது மத்திய அரசின் பெல் கிராண்ட். 2025-26இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர்.

யார் எந்த வாசலில் நுழைவது

மாறும் மாணவர்களில் மூன்று வகையினர் உண்டு.

ஏற்கெனவே கேல் கிராண்ட் பெறுபவர் முதல் வகை. இவர் புதிதாகப் போட்டியிட வேண்டியதில்லை. புதுப்பித்து, கல்லூரியின் பெயரை மாற்றினால் போதும்.

பள்ளி முடித்தபோது கிடைக்காதவர் இரண்டாம் வகை. இவருக்கென்றே டிரான்ஸ்ஃபர் என்டைட்டில்மெண்ட் என்ற வாசல் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பள்ளி முடித்திருக்க வேண்டும். கம்யூனிட்டி கல்லூரியில் ஜிபிஏ குறைந்தது 2.4 வேண்டும், கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து நேராகப் பட்டப்படிப்புக் கல்லூரிக்கு மாற வேண்டும். உதவி பெறும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று வயது 28 ஆகியிருக்கக் கூடாது. குடும்ப வருமானமும் சொத்தும் அந்த ஆண்டு வரம்புக்குள் இருக்க வேண்டும். இடையில் ஓராண்டு வேலைக்குப் போய்விட்டு மாறலாம் என்று நினைப்பவர், "நேராக" என்ற நிபந்தனையை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

28ஐத் தாண்டியவர் மூன்றாம் வகை. குடும்பம், வேலை எல்லாம் முடிந்து படிக்க வந்தவர்கள் இதில் அதிகம். இவர்களுக்கு நல்ல செய்தி 2021-22இல் வந்தது. கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்கான கேல் கிராண்டில் வயது வரம்பையும், பள்ளி முடித்து எத்தனை ஆண்டு என்ற வரம்பையும் மாநிலம் எடுத்துவிட்டது. அப்படிக் கம்யூனிட்டி கல்லூரியில் இருக்கும்போதே பெற்ற உதவியை யூசிக்கோ கால் ஸ்டேட்டுக்கோ கொண்டுபோகலாம். எனவே 35 வயது மாணவர் மாறிய பிறகு விண்ணப்பிப்பதைவிட, மாறுவதற்கு முன்பே கம்யூனிட்டி கல்லூரி மாணவராக உதவியைப் பெற்றுவிடுவது புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

1. அக்டோபர், நவம்பர். யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் சேர்க்கை விண்ணப்பம் போகும் இதே மாதங்களில் மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தையும் நிரப்ப வேண்டும். ஆவணங்கள் இல்லாத மாணவர்களுக்கு அதன் இடத்தில் கலிஃபோர்னியா டிரீம் ஆக்ட் விண்ணப்பம். இரண்டில் ஒன்றுதான் நிரப்ப வேண்டும்.

2. கல்லூரிப் பட்டியல். இப்போது படிக்கும் கல்லூரியின் குறியீட்டோடு, விண்ணப்பித்த எல்லாப் பல்கலைக்கழகங்களின் குறியீடுகளையும் சேர்க்க வேண்டும். ஃபாஃப்சாவில் 20 கல்லூரி வரை இடம் உண்டு. யூசிஎல்ஏவின் எண் 001315, பெர்க்லியின் எண் 001312. இடம் கிடைக்குமா என்று தெரியாத கல்லூரியையும் சேர்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சேர்க்காமல் விட்டால், அந்தக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு அப்படியொரு மாணவர் இருப்பதே தெரியாது.

3. ஜனவரி. புதிதாகக் கேல் கிராண்ட் கேட்பவரின் ஜிபிஏவைக் கல்லூரி ஆணையத்துக்கு அனுப்பியதா என்று கேட்க வேண்டும். பல கல்லூரிகள் மொத்தமாக மின்னணு முறையில் அனுப்பிவிடும். அதில் தன் பெயர் போகவில்லை என்றால் சான்றுப் படிவத்தைத் தானே எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஃபாஃப்சா, ஜிபிஏ இரண்டுக்கும் கெடு ஒன்றே.

4. பிப்ரவரி. ஆணையத்தின் வெப்கிராண்ட்ஸ் தளத்தில் மாணவர் கணக்கைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, முகவரி சரியா என்று பார்க்க வேண்டும். பள்ளி முடித்ததை உறுதிசெய்யக் கேட்டிருந்தால் அங்கேயே செய்துவிடலாம்.

5. மார்ச் 2. கெடு. 2024இல் ஃபாஃப்சா படிவமே தாமதமாக வெளிவந்து குளறுபடியானதால், கெடுவை முதலில் ஏப்ரல் 2க்கும் பிறகு மே 2க்கும் தள்ளிவைத்தார்கள். அது அந்த ஆண்டின் விதிவிலக்கு. அதை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது.

6. ஏப்ரல், மே. சேர்க்கை முடிவோடு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நிதியுதவிக் கடிதமும் அனுப்பும். அதில் கிராண்ட் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே மொத்தமாகக் காட்டினால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். கடன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

7. ஜூன் 1. யூசி மாற்றுச் சேர்க்கையை ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள். ஏற்றுக்கொண்ட அதே நாளில் வெப்கிராண்ட்ஸ் கணக்கில் கல்லூரியின் பெயரை மாற்றிவிட வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுதான்.

8. ஜூலை 1. இறுதி மதிப்பெண் பட்டியல் யூசிக்குப் போய்ச் சேர வேண்டிய நாள். பழைய கல்லூரிக்குப் பாக்கி இருக்கிறது, அதனால் தரமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். பாக்கிக்காக மதிப்பெண் பட்டியலைப் பிடித்துவைப்பதைக் கலிஃபோர்னியாவில் 2020இலிருந்து சட்டம் தடை செய்கிறது.

9. ஆகஸ்ட். பழைய கல்லூரியில் இலையுதிர் பருவத்துக்குப் பதிவு செய்த வகுப்புகள் இருந்தால் அவற்றை நீக்கிவிட வேண்டும்.

கடைசிப் படியைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. பெரும்பாலான கம்யூனிட்டி கல்லூரிகளில் செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்கும். யூசியில் பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற வளாகங்களில் குவார்ட்டர் முறை. வகுப்புகள் செப்டம்பர் கடைசியில்தான். இடம் உறுதியாகாத நாட்களில் முன்ஜாக்கிரதையாகப் பழைய கல்லூரியில் எடுத்துவைத்த வகுப்புகள் அப்படியே கிடந்தால், பெல் கிராண்ட் பணம் அங்கே போய் விழுந்துவிடும். ஒரே பருவத்துக்கு இரண்டு கல்லூரிகளில் உதவி பெற முடியாது. பருவத்தின் 60 விழுக்காடு முடிவதற்குள் விலகினால், வந்த மத்திய உதவியில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டும். அந்தக் கடன் தீராமல் புதிய கல்லூரியிலும் பணம் நிற்கும்.

எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது?

கேல் கிராண்ட் மொத்தம் நான்கு முழுநேர ஆண்டுகளுக்கானது. ஆணையம் அதை 400 விழுக்காடு என்று கணக்கு வைத்திருக்கிறது. முழுநேரமாக ஓராண்டு உதவி வாங்கினால் 100 கழியும். அரைநேரம் என்றால் 50. ஏ வகை இருப்பில் கிடந்த ஆண்டுகளுக்குக் கழிவு கிடையாது.

ஒரு மாணவி டி ஆன்சா கம்யூனிட்டி கல்லூரியில் பி வகையோடு முழுநேரமாக மூன்று ஆண்டு படித்துவிட்டு, கால் ஸ்டேட் வளாகமான சான் ஹோசே ஸ்டேட்டுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். டி ஆன்சாவில் 300 கழிந்துவிட்டது. மிச்சம் 100. பட்டம் முடிக்க இன்னும் இரண்டு ஆண்டு வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தை மாநிலம் கட்டும். இரண்டாம் ஆண்டு 6,450 டாலருக்கு மேல் கைக்காசு. அதே மாணவி இரண்டே ஆண்டில் மாறியிருந்தால் இரண்டு ஆண்டுக் கட்டணமும் மாநிலத்தின் தலையில். கம்யூனிட்டி கல்லூரியில் ஓராண்டு கூடுதலாக இருந்தால் செலவு மிச்சம் என்று வீட்டில் சொல்வார்கள். கேல் கிராண்ட் பெறுகிறவருக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ்.

இன்னொரு கழிவும் உண்டு. யூசியும் கால் ஸ்டேட்டும் கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து 70 செமஸ்டர் யூனிட் வரைதான் பட்டத்துக்கு ஏற்றுக்கொள்ளும். அதற்குமேல் நூறு யூனிட் குவித்துவைத்திருந்தாலும் பட்டம் சீக்கிரம் முடியாது. உதவி ஆண்டுகள் மட்டும் கரைந்திருக்கும். மாறுவதற்கு முந்தைய ஆண்டே ஆலோசகரிடம் உட்கார்ந்து, எந்த வகுப்பு எந்தப் பட்டத்துக்கு எண்ணப்படும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தை போதாது.

பெல் கிராண்டின் கணக்கு தனி. அதற்கு வாழ்நாள் வரம்பு 600 விழுக்காடு.

பெற்றோர் பக்கத்துக் கணக்கு

ஃபாஃப்சா கேட்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான வரி விவரம். 2026-27க்கு 2024ஆம் ஆண்டின் வரிக்கணக்கு. மாணவரைப் போலவே பெற்றோரும் தனிக் கணக்கு திறந்து, வரித்துறையிடமிருந்து விவரம் எடுக்கச் சம்மதம் தர வேண்டும். அப்பா சம்மதத்தை அழுத்த மறந்துவிட்டால் படிவம் அரைகுறையாக நிற்கும். மாணவருக்கோ அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதி.

ஃப்ரீமாண்ட், சான் ஹோசே பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. குடியிருக்கும் வீடு சொத்துக் கணக்கில் வராது. ஆனால் சென்னை மடிப்பாக்கத்தில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட் வரும். வெளிநாட்டில் இருப்பதால் கேட்கமாட்டார்கள் என்று விட்டுவிடக் கூடாது. தவறான தகவலுக்குக் கையெழுத்துப் போட்டவர் மாணவர்.

பெயர் இன்னொரு சிக்கல். அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் பிள்ளைக்கு, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் முழுப்பெயரும், கல்லூரிப் பதிவில் இனிஷியலும் இருக்கும். ஃபாஃப்சாவில் போன பெயரும், கல்லூரி அனுப்பிய ஜிபிஏவில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் ஆணையத்தின் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். அட்டையில் இருப்பதையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வதுதான் வழி.

ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் ஃபாஃப்சா மூலம் மத்திய உதவி பெற முடியாது. ஏபி 540 என்று அழைக்கப்படும் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாநிலவாசிக் கட்டணச் சலுகையும் இத்தகைய விசாக்காரர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. கிரீன் கார்டு கைக்கு வந்தவுடன் நிலைமை மாறும். அந்த வாரமே நிதியுதவி அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

சேர்க்கைக் கடிதம் வந்தால் உதவித்தொகையும் தானாக வந்துவிடும் என்று நினைப்பது முதல் தவறு. சேர்க்கை அலுவலகமும் நிதியுதவி அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குப் போகும் என்ற உத்தரவாதம் இல்லை.

ஜனவரியில் நடு ஆண்டில் மாறுகிறவர் புது ஃபாஃப்சா நிரப்புவது இன்னொரு தவறு. அந்தக் கல்வியாண்டின் பழைய படிவத்திலேயே புதிய கல்லூரியின் குறியீட்டைச் சேர்க்க வேண்டும். வெப்கிராண்ட்ஸில் கல்லூரியையும் மாற்ற வேண்டும்.

பழைய கல்லூரி மின்னஞ்சல் மூடப்பட்ட பிறகு, எல்லாக் கடிதங்களும் அங்கேயே போய்க்கொண்டிருப்பது மூன்றாவது. தொடக்கத்திலிருந்தே சொந்த மின்னஞ்சலைக் கொடுப்பது உத்தமம்.

தங்களுக்கு எதுவும் கிடைக்காது என்று வருமானத்தைப் பார்த்துத் தாங்களே முடிவு கட்டி, விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஏமாறாமல் இருக்க

ஃபாஃப்சா இலவசம். அதன் தளம் டாட் ஜிஓவி என்று முடியும். டாட் காம் என்று முடியும் தளத்தில் பணம் கேட்டால் மூடிவிட வேண்டியதுதான். "நிச்சயம் கிராண்ட் வாங்கித் தருகிறோம்" என்று கட்டணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிப் போகலாம். உதவி வேண்டுமென்றால் ஆணையமே கேஷ் ஃபார் காலேஜ் என்ற பெயரில் இலவச முகாம்கள் நடத்துகிறது. ஃபாஃப்சா கணக்கின் கடவுச்சொல்லைச் சொந்தக்காரர், ஆலோசகர், நண்பர் என்று யாருக்கும் தரக் கூடாது. மாணவருக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வேறு கணக்கு. இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சலை வைக்க முடியாது.

பணம் வராவிட்டால்

செப்டம்பரில் கணக்கைத் திறந்தால் கேல் கிராண்ட் பகுதி வெறுமையாக இருக்கலாம். அப்போது முதலில் வெப்கிராண்ட்ஸைப் பார்க்க வேண்டும். அங்கே பழைய கல்லூரி பெயர் இருந்தால் கோளாறு அதுதான். புதிய கல்லூரி சரியாக இருந்து, உதவி நிறுத்திவைக்கப்பட்டிருந்தால் காரணமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்: சரிபார்ப்பு ஆவணம் வரவில்லை, பள்ளி முடித்த உறுதிமொழி இல்லை, யூனிட் எண்ணிக்கை குறைவு என்று ஏதாவது ஒன்று. அதைப் படித்துவிட்டு, திரையைப் படம் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும். யாரிடம் பேசினோம், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்று குறித்துவைத்து, அன்றே ஒரு மின்னஞ்சலிலும் அதை அனுப்பி வைப்பது பின்னால் மேல்முறையீட்டுக்கு உதவும்.

2024இல் நன்றாகச் சம்பாதித்த அப்பாவுக்கு 2026இல் வேலை போயிருந்தால், படிவத்தில் உள்ள வருமானம் இப்போதைய நிலைமையைக் காட்டாது. அதைத் திருத்தும் அதிகாரம் புதிய கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு உண்டு. பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையிழப்பு உதவித்தொகை விவரம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு சிறப்புச் சூழ்நிலை மனு கொடுக்கலாம். பழைய கல்லூரியில் ஏற்கெனவே திருத்தியிருந்தாலும் புதிய இடத்தில் மீண்டும் மனு கொடுக்க வேண்டும். ஒரு கல்லூரியின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது.

இதெல்லாம் முடிவதற்குள் கட்டணக் கெடு வந்துவிட்டால், உதவி நிலுவையில் இருப்பதாக அலுவலகத்தில் சொல்லி வகுப்புப் பதிவை நீக்காமல் நிறுத்திவைக்கக் கேட்கலாம். பல வளாகங்களில் குறுகிய கால அவசரக் கடனும் உண்டு. கேல் கிராண்ட் வந்ததும் அதிலிருந்து கழித்துக்கொள்வார்களா, தனியாகக் கட்ட வேண்டுமா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.